டீ போடுவதில் எத்தனை வேலை இருக்கிறது?

ஒரு டம்ளர் டீ போட என்னென்ன செய்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பாத்திரத்தைத் தேடி எடுக்கிறோம், தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றுகிறோம், அடுப்பைப் பற்றவைக்கிறோம். தூள் டப்பாவைத் திறக்கும்போதே ஒரு கண் பாலின் மேல் இருக்கிறது. பொங்கி வருவதற்குள் தீயைக் குறைக்க வேண்டும். வடிகட்டி எங்கே? சர்க்கரை போட்டாயிற்றா? நமக்கு இதெல்லாம் கைப்பழக்கம். பல வருடமாக மனச்சிதைவு நோயோடு (ஸ்கிசோஃப்ரினியா) இருப்பவருக்கு இதில் ஏதோ ஓரிடத்தில் நூல் அறுந்துவிடும். எந்த இடத்தில் அறுகிறது என்று பக்கத்தில் நின்று கவனிப்பது ஒரு தனித் தொழில். அதைச் செய்பவர் ஆக்குபேஷனல் தெரபி உதவியாளர்.

பெயரில் கொஞ்சம் குழப்பம் உண்டு. சுருக்கி 'ஓ.டி.' என்றால் நம் ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் தியேட்டருக்கு வழி காட்டுவார்கள். 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதினால் வேலைவாய்ப்பு அலுவலகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே ஆக்குபேஷன் என்பது ஒருவரின் நாளை நிறைக்கிற எல்லாமும்: பல் தேய்ப்பது, பஸ் பிடிப்பது, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, சாயங்காலம் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவது.

அமெரிக்காவில் இந்த உதவியாளர் பணி 1950-களின் கடைசியில் உருவானபோது, முதல் பயிற்சிகள் மனநல மருத்துவமனைகளை மனதில் வைத்தே தொடங்கின. இப்போது அங்கே பொதுவாக இரண்டு வருடப் படிப்பு. முடிவில் 16 வாரம் களப்பயிற்சி, அப்புறம் சான்றிதழ்த் தேர்வு. நோயாளியை மதிப்பிட்டுத் திட்டம் போடும் பொறுப்பு தெரபிஸ்டுடையது. அந்தத் திட்டத்தை நோயாளியோடு உட்கார்ந்து நடத்துவது உதவியாளர்.

சரி, மாத்திரை இருக்கும்போது டீ எதற்கு? மனச்சிதைவுக்கான பெரும்பாலான மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன. காதில் ஒலிக்கும் குரல்களும் வீண் சந்தேகங்களும் பலருக்கு அதனால் அடங்குகின்றன. ஆனால் எதிலும் நாட்டமில்லாமை, திட்டமிட முடியாமை, இப்போது எடுத்த பொருளை எதற்கு எடுத்தோம் என்ற மறதி ஆகியவற்றில் மருந்தின் கை அவ்வளவாக நீளுவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் 'சோம்பேறித்தனம்' என்று திட்டுவது பெரும்பாலும் இந்த அறிகுறிகளைத்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மனச்சிதைவு உள்ளவர்கள் பலருக்கு ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது வரும் சந்தோஷம் பெரிதாகக் குறைவதில்லை. 'செய்தால் நன்றாக இருக்கும்' என்று முன்கூட்டித் தோன்றும் ஆசைதான் மங்கிப்போகிறது. அப்படியானால், ஆர்வம் வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. முதலில் கை அசைய வேண்டும். சந்தோஷம் அதன் பின்னால் வரலாம். உதவியாளர் "டீ குடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடாமல், பாத்திரத்தைக் கையில் கொடுப்பதன் காரணம் இதுதான்.

சமையலறையில் ஒருவர் தூள் டப்பாவின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உதவியாளர் உடனே சொல்லிவிடுவதில்லை. மனதுக்குள் பத்து எண்ணுகிறார். அப்புறம், "அடுத்து என்ன அண்ணே?" என்கிறார். பதில் இல்லையென்றால் ஸ்பூனைப் பார்வையால் காட்டுவார். அதற்கும் நகராவிட்டால் வாய்விட்டுச் சொல்வார். கடைசியாகத்தான் கையைப் பிடித்துச் செய்ய வைப்பார். எந்தப் படிக்கு எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று எழுதியும் வைப்பார். ஞாபகசக்தி மிகவும் பாதிக்கப்பட்டவர் என்றால் முறையே தலைகீழ்: தவறாகச் செய்தது அப்படியே பழகிவிடும் என்பதால், முதலில் முழுக்க உதவிவிட்டு, நாளாக நாளாகக் கையை விலக்கிக்கொள்வார்கள். பார்ப்பவருக்குச் சும்மா நிற்பது போலத் தெரியும். எங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பது என்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பாடம் என்பது என் எண்ணம்.

டீக்குப் பதில் தோல் துண்டையும் பயன்படுத்துகிறார்கள். கிளாடியா ஆலன் என்ற அமெரிக்கத் தெரபிஸ்ட் உருவாக்கிய சோதனை அது. ஓரத்தில் வரிசையாகத் துளையிட்ட தோலில் மூன்று வகைத் தையல், ஒன்றைவிட ஒன்று கடினம். வேண்டுமென்றே ஓரிடத்தில் பிழை செய்து கொடுப்பார்கள். நோயாளி அதைக் கவனிக்கிறாரா, தானே பிரித்துச் சரிசெய்கிறாரா, செய்துகாட்டச் சொல்கிறாரா என்பதை வைத்து, வீட்டில் அவரால் எதைத் தனியாகச் சமாளிக்க முடியும் என்று ஊகிக்கலாம். தையல் அழகாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

மனநல வார்டில் இன்னொரு சில்லறை வேலை உண்டு, ஆனால் தவறவே கூடாதது. கைவினை வகுப்பு தொடங்கும் முன் கத்தரிக்கோல்களை எண்ண வேண்டும், முடிந்ததும் எண்ண வேண்டும். ஊசி ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் அறையை விட்டுப் போக முடியாது.

இந்த யோசனை புதிதல்ல. 1796-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் மனநோயாளிகளுக்காக நிறுவிய இல்லத்தில் சங்கிலிக்குப் பதில் தோட்டவேலையும் தையலும் இருந்தன. ஆக்குபேஷனல் தெரபியின் முன்னோடிகளில் ஒருவரான எலினார் கிளார்க் ஸ்லேகிள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாள் முழுவதற்கும் அட்டவணை போட்டுப் பழக்கங்களைத் திரும்பக் கட்டும் முறையை அமெரிக்க மருத்துவமனைகளில் பரப்பினார். நம் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் டாக்டர் சாரதா மேனன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் தொழிற்பயிற்சி மையம் வந்தது. அங்கே நோயாளிகள் ரொட்டி சுட்டார்கள். மாவு பிசைவதிலும் டீ போடுவதைப் போலவே அளவு, வரிசை, காத்திருப்பு எல்லாம் இருக்கின்றன. கூடவே, சுட்டதை இன்னொருவர் சாப்பிடுகிறார்.

மூடியோடு நின்றவரிடம் திரும்புவோம். சில வாரங்களில் அடுப்பு மேடைக்கு மேலே படம் வரைந்த அட்டை ஒன்று தொங்குகிறது. இன்னும் சில வாரங்களில் அதுவும் தேவைப்படவில்லை. உதவியாளர் அன்றைய குறிப்பில் எழுதுகிறார்: "பால் பொங்கும் முன் தீயைக் குறைத்தார். அடுப்பை அணைக்க நினைவூட்டத் தேவைப்படவில்லை. இரண்டு டம்ளர் எடுத்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார்."