இடைநிறைக் கருந்துளை: ‘இடைநிலை’ ஏன் பொருந்தாது?

சூரியனைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு முதல் 1,00,000 மடங்கு வரை நிறையுள்ள கருந்துளைகளை ‘இடைநிலைக் கருந்துளை’ என்று எழுதுவது வழக்கமாகி வருகிறது. அண்மையில் ஒரே கட்டுரையில் இச்சொல்லை ஆறு இடங்களில் படித்தபின், இது பிழை என்று எழுதாமலிருக்க முடியவில்லை.

கருமையும் துளையும் சேர்ந்தது கருந்துளை. 1967இல் இயற்பியலாளர் ஜான் வீலர் பரவச் செய்த ‘பிளாக் ஹோல்’ என்னும் ஆங்கிலப் பெயருக்கு நேரான, நல்ல சொல். சிக்கல் அதன் அடைமொழியில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இன்டர்மீடியட் மாஸ்’ என்னும் இரண்டு சொற்களில் முதலாவதை மட்டும் பெயர்த்துவிட்டு, எதில் இடைப்பட்டது என்று சொல்லும் ‘மாஸ்’, அதாவது நிறை, என்பதைக் கைவிட்டிருக்கிறார்கள்.

இலக்கணத்தில் இடைநிலை என்பது பகுதிக்கும் விகுதிக்கும் நடுவே நிற்கும் உறுப்பு. பொதுவழக்கிலோ, ஒன்று இன்னொன்றாக மாறும் வழியில் கடந்துபோகும் கட்டம். ஆகவே இதைப் படிப்பவர், சிறிய கருந்துளை பெரியதாக வளரும் வழியில் இருப்பதாகவே எண்ணுவார். நெருக்கமான விண்மீன் கொத்துகளில் விண்மீன்கள் மோதி இணைந்தோ, சிறு கருந்துளைகள் அடுத்தடுத்து ஒன்றுகூடியோ இவை உருவாகலாம் என்பதும், விண்மீன் மண்டலங்களின் மையத்திலுள்ள மாபெரும் கருந்துளைகளுக்கு இவையே வித்தாகலாம் என்பதும் உண்மையிலேயே ஆராயப்படும் கருத்துகள்தாம். ஆனால் ஆய்விலிருக்கும் ஒரு கருத்தைப் பெயரிலேயே முடிந்த முடிபாக எழுதிவிடலாமா? ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்தின் மையத்தருகே ஏழு விண்மீன்கள், கொத்தைவிட்டே தப்பிவிடக்கூடிய வேகத்தில் ஓடியும் அங்கேயே இருப்பதை ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு 2024இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை என்பது அவர்கள் முடிவு. நம் பால்வழி விழுங்கிய சிறு மண்டலம் ஒன்றின் மிச்சமே அக்கொத்து என்று கருதப்படுகிறது. அப்படியானால் அந்தக் கருந்துளையின் வளர்ச்சி அன்றே தடைப்பட்டுவிட்டது. எங்கும் போகாத ஒன்றை ‘இடைநிலை’ என்பது எப்படிப் பொருந்தும்?

‘நடுத்தர அளவு’ என்பதும் உதவாது. ‘அளவு’ என்றால் வாசகர் பருமனைத்தான் நினைப்பார். 2019 மே 21 அன்று, ஈர்ப்பலைகளை உணரும் லைகோ, விர்கோ கருவிகளில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே பதிவான ஈர்ப்பலைச் சைகையிலிருந்து, இரண்டு கருந்துளைகள் இணைந்து ஏறத்தாழ 142 சூரிய நிறையுள்ள ஒன்று பிறந்தது என்று கணித்தார்கள். அதை இவ்வகையில் சேர்த்தது நிறைதான், பருமன் அன்று.

‘நடுத்தர எடை’ என்போரும் உண்டு. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நால்வகை அளவையில் எடுத்தலோடு உறவுடையது எடை. தூக்கிப் பார்த்து அறிவது. நிறை என்பது ஒரு பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு; எடை என்பது அதன்மீதான ஈர்ப்பு விசை. நிறை வேறு, எடை வேறு என்று பள்ளியில் படித்தவர்களே ‘சூரியனின் எடை’ என்று கூசாமல் எழுதுவது வருத்தம் தருகிறது.

விண்மீன்நிறைக் கருந்துளை, இடைநிறைக் கருந்துளை, மீநிறைக் கருந்துளை என்று மூன்றையும் அடுக்கினால் எதைக்கொண்டு பிரிக்கிறோம் என்பது பெயரிலேயே விளங்கும். எழுதும்போது ‘நிறை’யை அடுத்து வரும் ‘க்’ விடுபடக் கூடாது.