சந்தியூரில் மானியம் கிடைக்காது. வேறு என்ன கிடைக்கும்?

வேளாண் பல்கலைக்கழகம் என்றதும் நம் பக்கத்தில் பலருக்குக் கோயம்புத்தூர்தான் ஞாபகம் வரும். கூடவே, பிள்ளைக்குக் கட்ஆஃப் எவ்வளவு வேண்டும் என்ற கவலையும் வரும். அதே பல்கலைக்கழகத்துக்குச் சேலம் மாவட்டத்திலேயே மூன்று வாசல்கள் உண்டு: சந்தியூரில் வேளாண் அறிவியல் நிலையம், ஏத்தாப்பூரில் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம், ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம். இங்கெல்லாம் நுழைய மார்க் கேட்க மாட்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சொட்டுநீருக்கு மானியம் வேண்டும் என்று சந்தியூருக்குப் பஸ் ஏறிப் போய், வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மானியம் அரசுத் துறைகளின் வேலை. அதற்கு உங்கள் வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகம். டிராக்டர், பவர் டில்லர் என்றால் வேளாண் பொறியியல் துறை. பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது ரகம், விதை, நாற்று, மண் ஆய்வு, பயிற்சி, பூச்சி நோய்க்கு ஆலோசனை. பணமாக எதுவும் வராது. ஆனால் பணம் வீணாகப் போவதைத் தடுக்கும் சமாச்சாரங்கள் அத்தனையும் இங்கேதான்.

வேளாண் அறிவியல் நிலையம் நாடு முழுவதும் உள்ள ஏற்பாடு. முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. சந்தியூர் நிலையத்துக்குச் செலவு டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடையது. நடத்துவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இப்படி ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16. அதில் தலைவரை விட்டால் துறை வல்லுநர்கள் 6 பேர். ஒரு மாவட்டத்துக்கே 6 பேர்! தேடி வருவார்கள் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது. நாம்தான் போக வேண்டும்.

போனால் கேட்க வேண்டியது செயல்விளக்கத் திடல். புது ரகமோ புது முறையோ நம் வயலிலேயே, பெரும்பாலும் ஒரு ஏக்கர் அளவுக்கு, அவர்கள் இடுபொருள் தந்து செய்து காட்டுவார்கள். நிலமும் ஆளும் நம்முடையது. வருடத்துக்குச் சில பயிர்களுக்குத்தான் நடக்கும் என்பதால் விதைப்புப் பட்டம் தொடங்குவதற்கு முன்பே பேர் கொடுத்து வையுங்கள். சிட்டா நகலும் ஆதார் நகலும் கையில் இருந்தால் ஓர் அலைச்சல் மிச்சம்.

அடுத்தது மண் ஆய்வு. சிறு கட்டணம்தான். முதல் முறை நான் ஒரு யூரியா சாக்கில் மண்ணைக் கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் சாக்கைப் பார்த்துவிட்டு, "யூரியாவைப் பாக்கணுங்களா, மண்ணைப் பாக்கணுங்களா?" என்றார். அப்புறம் அவரே சொல்லிக் கொடுத்தார். வரப்பு, கிணற்றோரம், மர நிழல், எருக்குழி இவற்றை விட்டுவிட்டு 10 முதல் 15 இடங்களில் எடுக்க வேண்டும். மேல் சருகை ஒதுக்கி, ஆங்கில 'வி' போலக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டை மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் சீவ வேண்டும். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், மரவள்ளி, கரும்பு, வாழைக்கு 22 செ.மீ. தோட்ட மரப்பயிர்களுக்கு 30, 60, 90 செ.மீ. என மூன்று ஆழங்களில் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரே ஆழத்தில் எடுத்த எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அதை நிழலில் உலர்த்தி, துணிப்பையில் போட்டு, பெயரும் சர்வே எண்ணும் எழுதிக் கொடுத்தால் சரி.

எதற்கு இத்தனை பாடு? மரவள்ளிக் குருத்து வெளுத்தால் நாம் உடனே யூரியா மூட்டையைப் பிரிக்கிறோம். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அது இரும்புச்சத்துக் குறையாகவும் இருக்கலாம். அதற்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைத் தெளித்தால் தீர்ந்துவிடும். யூரியா அதைத் தீர்க்காது.

பல்கலைக்கழகத்தால் ஊர் வருமானம் எப்படித் தப்பும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மாவுப்பூச்சிக் கதையை. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஏறியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பிறகு அடங்கியது. நிம்மதியாக இருந்தோம். 2020-ல் வேறொரு மாவுப்பூச்சி கேரளத்தில் தலைகாட்டி இங்கே வந்து சேர்ந்தது. இது மரவள்ளிக்கென்றே பிறந்த பூச்சி. தென் அமெரிக்கா இதன் தாய்வீடு. நுனி இலைகள் சுருண்டு முட்டைக்கோஸ் போலக் கூம்பிவிடும். மருந்தடித்தால் அந்தக் கூம்புக்குள் இறங்காது.

இதற்கும் குளவிதான் மருந்து. அனகைரஸ் லோபெசி என்று பெயர், கொசுவை விடச் சிறியது. ஆப்பிரிக்காவில் இதைப் பரப்பி மரவள்ளியைக் காத்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசே கிடைத்தது. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் பெனின் நாட்டிலிருந்து இதைத் தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது. குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே தின்னும். பூச்சி உப்பிப் பழுப்பாகி இறுகும். அப்படி இறுகிய பூச்சிகள் தோட்டத்தில் தெரிந்தால் பூச்சிமருந்து பக்கமே போகாதீர்கள், குளவியும் சேர்ந்து செத்துவிடும். தோட்டத்தில் தாக்குதல் இருந்தால் குளவி வேண்டும் என்று ஏத்தாப்பூரில் கேளுங்கள்.

ஆனால் விலை? அங்கேதான் பல்கலைக்கழகத்தின் கை எட்டாது. குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, ஆலையில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்ட் பார்த்துத்தான் பணம். நல்ல ரகம், சரியான அறுவடை மாதம் ஆகியவற்றால் பாயிண்ட்டை ஏற்றலாம். ஒரு பாயிண்டுக்கு எவ்வளவு என்பது சந்தையின் கணக்கு. இந்தக் கிழங்கிலிருந்து செய்யும் ஜவ்வரிசியை விற்றுத்தர 1981-லேயே சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது, 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் கிழங்கு விலை சரியும் வருடத்தில் விவசாயி தலையில்தான் கைவைக்கிறார். விளைச்சலைக் கூட்டச் சொல்லித் தருபவர்கள் விற்பனையைப் பற்றியும் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம் என்பது என் எண்ணம்.

மலைமேல் இருப்பவர்களுக்கு ஏற்காடு நிலையம் பக்கம். மிளகு, பழப்பயிர் சந்தேகங்களை அங்கே கேட்கலாம். காபிக்கு மட்டும் காபி வாரியம் தனி. பழங்குடியினர் துணைத் திட்டத்தில் மலைவாழ் விவசாயிகளுக்கு இடுபொருளும் பயிற்சியும் ஒதுக்கப்படுவதுண்டு. சாதிச் சான்றோடு போய், இந்த ஆண்டு என்ன இருக்கிறது என்று நேராகவே கேளுங்கள். ஆடு வளர்ப்பவர்களுக்குக் கதவு வேறு: கால்நடைப் பல்கலைக்கழகம், பொட்டனேரியில் அதன் மேச்சேரி செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம்.

கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். அந்த 6 பேரும் எங்காவது வயலில் நிற்கும் நாளாக இருக்கலாம். அவசரமென்றால் கிசான் கால் சென்டர், 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை. தமிழிலேயே பேசலாம், காசு பிடிக்காது.