ஆன்ஜின் என்றால் என்ன, அது ஒட்டுமா?

போன மாதம் தங்கை போன் செய்தாள். "அக்கா, பெரியவனுக்கு ஆன்ஜினாம், சின்னவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிடவா?" பின்னால் மாமியார் "நெஞ்சுக்கு ஏதாவதா?" என்று பதறுவது கேட்டது.

பிரெஞ்சு புழங்கும் மொரீஷியஸில் இந்தப் பதற்றத்துக்குக் காரணமே சொல்தான். டான்சில் வீங்கினாலும் பிரெஞ்சில் 'ஆன்ஜின்', இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலியும் 'ஆன்ஜின் த புவாத்ரின்'. நெரிப்பது என்ற பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தவை இரண்டும். ஒன்றில் தொண்டை நெரிகிறது, மற்றதில் நெஞ்சு. நோய்கள் வேறு.

டான்சிலுக்குப் பிரெஞ்சில் 'அமிதால்'. கிரேக்கத்தில் அது வாதுமைப் பருப்பு, அரபியிலும் 'இரண்டு வாதுமைகள்' என்றுதான் சொல்கிறார்கள், வடிவம் அப்படி. தமிழ் இடத்தை வைத்துப் பெயரிட்டது: அடிநாச்சதை. இதைப் பலர் உள்நாக்கு என்கிறார்கள், அது தப்பு. உள்நாக்கு நடுவில் தொங்குவது, டான்சில் அதற்கு இரு பக்கமும் இருப்பது. டான்சிலைட்டிஸ் என்பதற்கு 'அடிநா அழற்சி' என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அழல் என்றால் நெருப்பு, எச்சில் விழுங்கும்போது எரிகிறதே, அதை அப்படியே சொல்கிறது.

சரி, இது ஒட்டுவாரொட்டியா? அழற்சி ஒட்டாது, அது அவரவர் தொண்டையில் எரிவது. அதை மூட்டிய கிருமிதான் இருமல் துளியிலும் கையிலும் ஒரே டம்ளரிலும் ஏறி அடுத்தவரிடம் போகிறது, போன இடத்தில் வெறும் சளியாக நின்றுவிடலாம், ஒன்றுமே ஆகாமலும் இருக்கலாம். பெரும்பாலும் வைரஸ்தான், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. பிள்ளைகளில் சிலருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அது தொற்றினால் 2 முதல் 5 நாளில் வலி தொடங்கும். சரியான ஆன்டிபயாடிக் கொடுத்து 24 மணி நேரம் ஆனால் பிறருக்குப் பரவுவது பெரும்பாலும் நின்றுவிடும். அதற்காக வலி போனதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சரியாகக் குணப்படுத்தாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில பிள்ளைகளுக்குச் சில வாரம் கழித்து வாதக் காய்ச்சலாகி இதய வால்வையே கெடுத்துவிடும். அந்த மாமியாரின் பயத்தில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

தங்கையிடம் சொன்னேன்: சின்னவளை அனுப்பாதே, அவளுக்கு ஏற்கெனவே ஏறியிருந்தால் கிருமி அம்மா வீட்டுக்கும் சேர்ந்து போகும். பெரியவனுக்குத் தனி டம்ளர், தனி ஸ்பூன் வை, எல்லோரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அப்புறம் டாக்டரிடம், இது வைரஸா ஸ்ட்ரெப்டோகாக்கஸா என்று வாய்விட்டுக் கேள்.