தனிமரம் காட்டும் திசை

பாசி படர்ந்த பக்கம்தான் வடக்கு என்று சொல்வதுண்டு. காட்டில் வழி தவறியவர் அதை நம்பி நடக்கக் கூடாது. பாசிக்குத் திசை ஒரு பொருட்டே இல்லை, ஈரம் இருந்தால் போதும். சாய்ந்த அடிமரத்தில் மழைநீர் வழியும் பக்கம், ஓடையைப் பார்த்த பக்கம், தரையை ஒட்டிய பகுதி என்று எங்கும் அது படரும்.

ஓரளவு நம்பத்தக்கது கிளைகளின் அமைப்பு. தண்டின் ஒரு பக்கம் ஒளி பட்டால், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் கூடுதலாகச் சேர்கிறது. அங்குள்ள செல்கள் அதிகம் நீள்வதால் நுனி ஒளியை நோக்கி வளைகிறது. கடகரேகைக்கு வடக்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்கத் தென்பக்கமே இருக்கும். அதனால் தென்புறக் கிளைகள் பருத்து, பக்கவாட்டில் நீண்டு, அடர்ந்து வளரும். வடபுறக் கிளைகளுக்கு மேலிருந்துதான் ஒளி கிடைக்கும் என்பதால் அவை செங்குத்தாக ஏறப் பார்க்கும். மகரரேகைக்குத் தெற்கே எல்லாம் தலைகீழ். இரு ரேகைகளுக்கும் நடுவே, குறிப்பாக நிலநடுக்கோட்டை ஒட்டி, இந்த முறையை விட்டுவிடுவது நல்லது. அங்கே நண்பகல் சூரியன் சில மாதம் வடக்கே, சில மாதம் தெற்கே நிற்கும்.

தனிமரம் தோப்பாகாது என்பார்கள். திசை பார்க்கத் தோப்பு உதவாது, தனிமரம்தான் வேண்டும். சமவெளியில், பாறையோ பிற மரமோ மறைக்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி நின்று முழுவட்டமாகச் சுற்றி வாருங்கள். எங்கிருந்து பார்க்கும்போது இடமும் வலமும் மிக ஏற்றத்தாழ்வாகத் தெரிகிறதோ, அங்கே உங்கள் பார்வைக் கோடு ஏறத்தாழ கிழக்கு மேற்கு. கனத்த பக்கம் (வட கோளத்தில்) தெற்கு. ஒரு மரத்தோடு நிறுத்த வேண்டாம். பத்து மரங்களில் ஏழெட்டாவது ஒத்துப்போக வேண்டும்.

இங்கே ஏமாற்றுவது காற்று. காற்று வரும் பக்கத்து மொட்டுகள் காய்ந்து உதிர்வதால் அங்கே சுள்ளிகள் குட்டையாக நிற்கும். உச்சிக் கிளைகள் சீவிவிட்ட தலைமுடி போல எதிர்ப்பக்கம் படியும். ஒளியின் வேலை கீழ்க்கிளைகளில் தெரியும், காற்றின் வேலை உச்சியில் தெரியும். மிதவெப்ப மண்டலங்களில் மேற்குக் காற்று மிகுதி என்பதால் உச்சி கிழக்கே சாய்வது வழக்கம். ஆனால் பள்ளத்தாக்கில் காற்று பள்ளத்தாக்கின் போக்கிலேயே திரும்பிவிடும்.

சில தாவரங்கள் இன்னும் தெளிவாகப் பேசும். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வளரும் சில்ஃபியம் லேசினியேட்டம் செடியின் அடி இலைகள் செங்குத்தாக நின்று, விளிம்புகளை வடக்கு தெற்காக வைத்துக்கொள்ளும். காலை வெயில் முழுமையாகப் படும், உச்சி வெயிலின் சூடு தவிரும். ஆனால் எந்த விளிம்பு வடக்கு என்று அது சொல்லாது. நிழலில் வளர்ந்தால் ஒழுங்கும் குலையும். குக் பைன் மரம் நிலநடுக்கோட்டை நோக்கிச் சாயும். 2017இல் வெளியான ஆய்வு ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்தது. சராசரிச் சாய்வு சுமார் 8.5 டிகிரி. என்ன, இந்த மரம் பெரும்பாலும் நட்டு வளர்த்த இடங்களில்தான் கண்ணில் படும்.

எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் 20 டிகிரி பிழை வரலாம். அந்தப் பிழையோடு 1 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 340 மீட்டர் விலகிப் போவீர்கள். ஆகவே முகாம் போன்ற ஒரு புள்ளியைக் குறிவைக்காமல், அதை ஒட்டிய ஆறு, சாலை போன்ற நீண்ட கோட்டைக் குறிவையுங்கள். அதிலும் வேண்டுமென்றே முகாமுக்கு இடப்பக்கம் நன்றாக ஒதுங்கி நடந்தால், ஆற்றங்கரையை அடைந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது உறுதி.