சந்தாப் பக்கம் திறக்கும் முன்: உங்கள் ரிங் பெயர் யாருடையது?

அமெரிக்காவில் சின்ன அரங்குகளில் மோதும் இண்டி, அதாவது பெரிய நிறுவனம் எதிலும் சேராத, மல்யுத்த வீரர்கள் சிலருக்கு நான் வரிக் கணக்கு பார்க்கிறேன். ஷோவுக்குக் கிடைக்கும் கூலி பெட்ரோலுக்கும் ஓட்டலுக்கும் சரியாகிவிடும், மேஜை போட்டு விற்கும் டி-ஷர்ட்டில்தான் ஏதாவது மிஞ்சும். அப்படிப்பட்டவர்கள் ரசிகர்களிடம் மாதச் சந்தா வாங்கி வீடியோ போடலாம் என்று கிளம்புவது நல்ல யோசனைதான். ஆனால் என்னிடம் வருவதென்னவோ சிக்கல் வந்த பிறகுதான்.

போன வருஷம் முகமூடி போட்டு மோதும் ஒருவர் வந்தார். ஒன்பது மாதம் பாடுபட்டு 200 பேரைச் சேர்த்திருந்தார். ஒரு நாள், அவர் மோதும் நிறுவனத்திலிருந்து கடிதம்: பெயரும் முகமூடியும் எங்களுடையவை, போட்டிக் காட்சிகளும் எங்களுடையவை, எல்லாவற்றையும் எடுத்துவிடவும். மூன்று பக்க ஒப்பந்தம், படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேறு பெயரில் புதுப் பக்கம் திறந்தார், பாதிப் பேர்கூடப் பின்னால் வரவில்லை. பின்னே, அவர்கள் பணம் கட்டியது அந்த முகமூடிக்கு அல்லவா?

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். மல்யுத்த வீரர் கோடி ரோட்ஸ் 2016இல் அமெரிக்காவின் பெரிய மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈயை விட்டு வெளியே வந்தபோது, பெயரின் உரிமை நிறுவனத்திடம் இருந்ததால் ரிங்கில் 'ரோட்ஸ்' என்று போட்டுக்கொள்ள முடியவில்லை. அது அவருடைய அப்பா டஸ்டி ரோட்ஸ் ரிங்கில் வைத்துக்கொண்ட பெயர், குடும்பப் பெயர் ரன்னல்ஸ். 2020 கடைசியில் சமரசம் ஆகும்வரை வெறும் 'கோடி'யாகவே மோதினார். அதே 2020 செப்டம்பரில், கொரோனாவால் அரங்குகள் மூடிக் கிடந்த நேரத்தில், ட்விட்ச் (நேரலை வீடியோ), கேமியோ (காசு கொடுக்கும் ரசிகருக்கு வாழ்த்து வீடியோ) மாதிரி வெளித் தளங்களில் சம்பாதிப்பதை நிறுத்தச் சொல்லி டபிள்யூடபிள்யூஈ தன் வீரர்களுக்கு உத்தரவு போட்டது. இத்தனைக்கும் ஒப்பந்தப்படி அவர்கள் ஊழியர்கள் இல்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள்! ஊழியருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு கிடையாது, கட்டுப்பாடு மட்டும் உண்டு என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. 2022 டிசம்பரில் அங்கே மோதிய மேண்டி ரோஸ், 413 நாள் வைத்திருந்த என்எக்ஸ்டி (டபிள்யூடபிள்யூஈயின் புதுமுகங்கள் பிரிவு) மகளிர் பட்டத்தை இழந்த மறுநாளே வேலையையும் இழந்தார், சந்தாத் தளத்தில் போட்ட படங்கள்தான் காரணம் என்று செய்தி வந்தது.

அதனால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: பெயர், தோற்றம், காட்சி. "எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும். அதை அடித்துவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் பெயர் என்னிடம் திரும்பும் என்று எழுதச் சொல்லலாம். சின்ன நிறுவனங்கள் பலவும் கேட்டால் ஒத்துக்கொள்கின்றன, யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம். அப்புறம், ரிங்குக்கு நடந்து வரும்போது போடும் சினிமாப் பாட்டு. அது வீடியோவில் கேட்டால், காட்சி உங்களுடையதாகவே இருந்தாலும், பாட்டின் உரிமை வேறொருவருடையது என்பதால் தளம் வீடியோவைத் தூக்கிவிடலாம்.

எதை விற்பது? முழுப் போட்டிகளை நம்பாதீர்கள். 2014இல் டபிள்யூடபிள்யூஈ நெட்வொர்க் என்ற இணையச் சேவை மாதம் 9.99 டாலருக்கு ஒரு பெரிய வீடியோ நூலகத்தையே திறந்துவிட்டபோது, அதுவரை ஒரே ஒரு பெரிய ஷோவுக்கு 50 டாலர் போலக் கொடுத்துவந்த ரசிகரின் கணக்கே மாறிவிட்டது. உங்கள் 10 டாலர் சந்தாவை அவர் அந்த மாதிரி நூலகத்தோடுதான் ஒப்பிடுவார். பெரிய நிறுவனங்களிடம் இல்லாதது உங்கள் கார் பயணம், பயிற்சி, தோற்றுப்போன போட்டியை நீங்களே ஓடவிட்டு எங்கே தப்பு செய்தோம் என்று சொல்வது. ரிங்கில் நீங்கள் ஏற்கும் பாத்திரத்தை வளர்ப்பதை மட்டும் இலவசமாகவே விடுங்கள். டபிள்யூடபிள்யூஈ வீரர் ஸாக் ரைடர் 2011இல் யூடியூபில் சும்மா போட்ட வாராந்திர நிகழ்ச்சிதான் அவரை ரசிகர்கள் கத்தி அழைக்கும் பெயராக்கியது, அந்த டிசம்பரிலேயே அமெரிக்கப் பட்டமும் வந்தது.

இனி பணம். 200 பேர் ஆளுக்கு 10 டாலர் என்றால் 2,000 டாலர் என்று துள்ள வேண்டாம். யூடியூப் உறுப்பினர் சந்தாவில் 30 சதவீதம் தளத்துக்குப் போய்விடும், கையில் 1,400. அதில் செலவைக் கழித்தது போக மிஞ்சும் லாபத்துக்குச் சுயதொழில் வரி 15.3 சதவீதம், அதற்கு மேல் வருமான வரி தனி. முதலாளி பிடித்துக்கொடுக்கும் வரி இல்லை என்பதால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணையாக நீங்களே கட்ட வேண்டும். ரிங் உடை, கேமரா, எடிட்டிங் கூலி, ஷோவுக்குப் போன பயணம் எல்லாம் செலவில் கழியும், ரசீது இருந்தால். "நண்பன் எடிட் பண்ணினான், கையில் கொடுத்தேன்" என்பது ரசீது ஆகாது.

முகமூடிக்காரர் இப்போது எந்த ஒப்பந்தம் வந்தாலும் கையெழுத்துக்கு முன் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். போன வாரம் வந்ததில் மூன்றாம் பக்கம் மங்கலாக இருந்தது. மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அந்த வரி எப்போதும் மூன்றாம் பக்கத்தில்தான் இருக்கும்.