ஸ்பீனிக் எண்: ஊட்டி பின்கோடில் ஒரு ஆப்பு

ஊட்டியின் பின்கோடு 643001. இதை வகுத்துப் பார்க்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒற்றைப்படை எண், 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 14 வருவதால் 3-ஆலும் வகுபடாது (குன்னூரின் 643101-க்கு இந்தத் தொல்லை இல்லை, கூட்டுத்தொகை 15, உடனே வகுபட்டுவிடும்). 7, 11, 13 என்று பகா எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே போனால் 61-க்குத்தான் மீதியில்லாமல் வகுபடுகிறது. ஈவு 10541, அது 83 × 127. ஆக, 643001 = 61 × 83 × 127. மூன்றும் பகா எண்கள், மூன்றும் வேறு வேறு. இப்படிப்பட்ட எண்தான் ஸ்பீனிக் எண்.

ஸ்பீன் என்றால் கிரேக்க மொழியில் ஆப்பு. கற்பூர மரக் கட்டையைப் பிளக்கக் கோடாலி மட்டும் போதாதபோது இரும்பில் ஒன்றைச் செருகி அடிப்பார்களே, அதே ஆப்புதான். எண்ணுக்கும் ஆப்புக்கும் என்ன சம்பந்தம்? பழைய கிரேக்கர்கள் எண்களை வடிவங்களாகவும் பார்த்தார்கள். மூன்று எண்களைப் பெருக்கினால் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு கட்டி. மூன்றும் சமம் என்றால் கனசதுரம். ஒன்றுக்கொன்று சமமே இல்லை என்றால்? தச்சரும் கொல்லரும் வைத்திருக்கும் ஆப்பு அப்படித்தானே இருக்கும் என்று சிலர் அதற்கு ஆப்பு என்றே பெயர் வைத்ததாக, கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த நிக்கோமாக்கஸ் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் பக்கங்கள் பகா எண்களாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை, 2 × 3 × 4 = 24 கூட ஆப்புதான். இன்றைய வரையறையில் 24-க்கு இடமில்லை. மிகச் சிறியது 30.

இந்த வகை எண்களுக்கு எப்போதும் சரியாக எட்டுக் காரணிகள். 643001-க்கு அவை 1, 61, 83, 127, 5063, 7747, 10541, அப்புறம் 643001.

சரி, தமிழில்? ஆப்பெண் என்பதே என் கட்சி. சுமேரியர் எழுத்தை ஆப்பெழுத்து என்கிறோம், மண்டையோட்டில் இதே கிரேக்க வேரில் பெயர் பெற்ற எலும்பை ஆப்புரு எலும்பு என்கிறோம், எண்ணுக்கு மட்டும் ஏன் தயக்கம்? வகுப்பில் "யாருக்கு சார் ஆப்பு?" என்று ஒரு குரல் வரும், வரட்டும். முப்பகா எண் என்று வைத்தால் மரியாதையாக இருக்கும்தான், ஆனால் அதில் 'வேறு வேறு' என்ற நிபந்தனை விட்டுப்போகிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2637 மீட்டர், அதாவது 3 × 3 × 293. மூன்று பகா எண்கள் இருக்கின்றன, ஆனால் 3 இரண்டு முறை வருவதால் இது ஸ்பீனிக் இல்லை. முப்பகா என்ற பெயர் இதையும் உள்ளே விட்டுவிடும், ஆப்பு விடாது.