செம்பியின் மீசையும் பப்பியின் மொட்டை விலாவும்

“ரீச்சர், உங்கட நாய்க்குப் புற்றுநோய் மருந்து ஏத்தினது. எங்கட பப்பிக்கு வெறும் கருத்தடைதான் செய்தது. உங்கடது மயிரோட நிக்குது, எங்கடது மொட்டையா நிக்குது. இதென்ன நியாயம்?”

பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் எட்டிக் கேட்ட கேள்வி இது. இருபது வருடமாக உயிரியல் படிப்பிக்கிற எனக்கு அன்றைக்கு உடனே பதில் வரவில்லை. தேடிப் படித்தபிறகுதான் தெரிந்தது, இந்த விஷயத்தில் கேட்கவேண்டிய மிகச் சரியான கேள்வியே அதுதான் என்று.

செம்பி எங்கள் ஒழுங்கையில் திரிந்த கட்டாக்காலி நாய். செம்மண் நிறம், கட்டை மயிர். வாலுக்குக் கீழே பூக்கோவா மாதிரி ஒரு கட்டி வளர்ந்து, நின்ற இடமெல்லாம் இரத்தம் சொட்டியது. மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, இது நாய்க்கு நாய் தொற்றுகிற புற்றுநோய், வாரத்துக்கு ஒருக்கா வின்கிறிஸ்ரின் என்ற மருந்தை நாளத்தில் ஏற்றினால் பெரும்பாலும் முழுதாக மாறிவிடும் என்றார். ஊசி போடுவதற்காக முன்காலில் தீப்பெட்டி அளவு இடத்தில் மயிரை வழித்தார்கள்.

செய்தி ஒழுங்கையில் பரவியதும் வருவோர் போவோர் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: “நாய்க்குக் கீமோவோ? மயிரெல்லாம் கொட்டி அழுந்திச் சாகப்போகுது. பாவம், விடுங்கோ.” அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கோ மகரகம ஆஸ்பத்திரிக்கோ போய் மருந்து ஏற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டியபடி திரும்பி வந்த ஒருவரையாவது பார்க்காத வீடு இங்கே குறைவு. அந்தக் காட்சி மனதில் கிடக்கிறது. ஆனால் அந்தக் காட்சியை அப்படியே நாய்க்கும் பொருத்தி, மாறக்கூடிய நோயோடு ஒரு சீவனைத் தெருவில் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மயிரைப் புல் மாதிரி எப்போதும் வளர்ந்துகொண்டே இருப்பதாக நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொரு மயிர்க்காலும் முறைவைத்து வேலை செய்கிறது. கொஞ்சக் காலம் வளரும். பிறகு வேர் சுருங்கும். பிறகு உறங்கும். உறங்கும்போது மயிர் விழுந்துவிடாது. வேரில் வெறுமனே குத்திக்கொண்டு நிற்கும். அடுத்த முறை மயிர்க்கால் விழித்துப் புது மயிரைத் தள்ளும் காலத்தை ஒட்டித்தான் பழையது உதிரும்.

மனிதத் தலையில் நூற்றுக்கு 85 முதல் 90 வரையான மயிர்க்கால்கள் எந்த நேரமும் வளரும் நிலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் விடாமல் வளர்கிறது, மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர். இடுப்புவரை கூந்தல் வருவது அதனால்தான். பெரும்பாலான நாய்களில் கதை தலைகீழ். மயிர் தன் இனத்துக்குரிய நீளத்தை எட்டியதும் நின்றுவிடும்; பெரும்பகுதி மயிர்க்கால்கள் உறக்கத்தில் கிடக்கும். செம்பியின் முதுகு மயிரை யாரும் வெட்டியதில்லை, ஆனாலும் அது இரண்டு விரற்கடையைத் தாண்டியதில்லை.

இனி மருந்துக்கு வருவோம். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது பரம்பரைத் தகவலைத் தாங்கும் நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய குழாய்களாலான கயிறுகளைப் பின்னுகிறது. வின்கிறிஸ்ரின் அந்தக் குழாய்களைக் கட்டவிடாது. கயிறில்லாத கலம் பாதிவழியில் மாட்டிக்கொண்டு இறக்கும். இது புற்றுநோய்க் கலம், இது நல்ல கலம் என்று மருந்துக்குப் பிரித்தறியத் தெரியாது. வேகமாகப் பிரிகிற கலமெல்லாம் அகப்படும். அதனால்தான் எலும்புக்குள் இரத்தம் உருவாகும் என்பு மச்சையும் குடலின் உட்படையும் அடிவாங்குகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் மயிரின் அடிக்குமிழ் உடலிலேயே மிக வேகமாகக் கலம் பிரிகிற இடங்களில் ஒன்று. மனிதத் தலையில் அப்படி விழித்திருப்பவை பத்தில் ஒன்பது. ஆகவே தலை மொட்டையாகிறது. செம்பியின் முதுகில் பெரும்பாலானவை உறக்கம். பிரியாமல் உறங்கும் மயிர்க்காலை மருந்தால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

எல்லா நாய்க்கும் இது பொருந்தாது. பூடில், ஷிற்சூ, மோல்ரீஸ் போன்றவற்றின் மயிர் எங்கள் தலைமயிர் மாதிரி நீண்டகாலம் வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டிவிடாவிட்டால் கண்ணை மூடுகிற அளவுக்கு மயிர் வளர்கிற நாய் என்றால், மருந்தின்போது உதிரவும் கூடும். அதை முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தால் பயப்படத் தேவையில்லை.

செம்பியும் முழுதாகத் தப்பவில்லை. நாலாவது வாரம் அவளுடைய இடப்பக்க மீசையில் மூன்று மயிர்கள்தான் மிஞ்சின. விறாந்தைத் தரையில், நைலோன் நூல் மாதிரித் தடித்த மீசைமயிர் ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்; அடியில் ஊசிமுனை போல் ஒடுங்கியிருந்தது. உடம்பு மயிர் உதிராத நாய்களுக்கும் மருந்தின்போது மீசை உதிர்வது வழக்கம். முன்காலில் வழித்த அந்தத் தீப்பெட்டிச் சதுரமும் சிகிச்சை முடியும்வரை அப்படியே வெறுமையாகக் கிடந்தது. காரணம் ஒன்றுதான். விழித்து வேலை தொடங்குகிற மயிர்க்காலை வாராவாரம் மருந்து மறிக்கிறது. வழித்த இடம் வளரவில்லை என்பதால் மருந்து பிழையாகிவிட்டது என்று எண்ணக்கூடாது.

அந்தக் கட்டியைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அது செம்பியின் சொந்தக் கலங்களால் ஆனதே அல்ல. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஒரே ஒரு நாயில் தோன்றிய புற்றுநோய்க் கலங்கள், புணர்ச்சியாலும் நக்குவதாலும் மோப்பத்தாலும் நாய்விட்டு நாய் தாவி இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. நாயின் கலத்தில் 78 நிறமூர்த்தங்கள்; இந்தக் கட்டியின் கலங்களில் 64க்கு மேல் இருப்பதில்லை. அந்த நாய் மண்ணோடு மண்ணாகி எத்தனையோ காலம். அதன் கலங்கள் எங்கள் ஒழுங்கைவரை வந்திருக்கின்றன. மனிதருக்கு இது தொற்றாது.

அதைக் கொல்லும் மருந்தின் மூலமோ எங்கள் முற்றத்திலேயே நிற்கிறது. வின்கிறிஸ்ரின் பிரித்தெடுக்கப்படுவது பட்டிப்பூவிலிருந்து. தமிழ்நாட்டில் நித்தியகல்யாணி என்பார்கள். மடகாஸ்கரைச் சொந்த இடமாகக் கொண்ட செடி. 1963இல் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. இதை வாசித்துவிட்டு யாரும் பட்டிப்பூவை அவித்து நாய்க்குப் பருக்கிவிடாதீர்கள். அந்த இலையில் உள்ளது அளவு தெரியாத நஞ்சு. வைத்தியர் ஏற்றும்போதுகூட ஒரு துளி நாளத்துக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசை வெந்துபோகும். மருந்து ஏற்றியபின் சில நாள் நாயின் சிறுநீரையும் மலத்தையும் கழுவும்போது நான் கையுறை போட்டுக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

உதிர்ந்தது எப்படித் திரும்புகிறது? மயிர்க்காலின் நடுப்பகுதியில் சிறு புடைப்பு ஒன்று உண்டு. மயிரைத் திரும்பத் திரும்ப உருவாக்கும் மூலக்கலங்கள் அங்கே இருக்கின்றன என்பது 1990இல் வெளியான ஆய்வோடு வெளிச்சத்துக்கு வந்தது. அவை மிக அரிதாகவே பிரிபவை. அதனால் மருந்துக்கு அகப்படாமல் தப்புகின்றன. அடிக்குமிழ் அழிந்தாலும் விதைநெல் பத்திரமாக இருக்கிறது. மருந்து நின்றதும் அவை மறுபடி விதைக்கின்றன. மயிருக்கு நிறம் கொடுக்கும் கலங்களும் அங்கிருந்தே புதிதாக வரவேண்டும். அது எப்போதும் பழையபடி நடப்பதில்லை. ஆகவே புதுமயிர் கருத்தோ வெளிறியோ வரலாம், குட்டிநாயின் மயிர்போல் மெத்தென்றும் வரலாம்.

சரி, பப்பி? அது பொமரேனியன் சாதிச் சடைநாய். விலாவை மெசினால் வழித்துக் கருப்பையை எடுத்தார்கள். காயம் பத்தே நாளில் ஆறியது. எட்டு மாதமாகியும் உள்ளங்கை அகல மொட்டை அப்படியே இருந்தது.

வழிப்பதும் பிடுங்குவதும் மயிர்க்காலுக்கு ஒன்றல்ல. பிடுங்கினால் உறங்கும் மயிர்க்கால் திடுக்கிட்டு விழித்துப் புதுமயிரைத் தொடங்கும். வழிக்கும்போதோ மேலே நீட்டிய பகுதிதான் போகிறது. வேர் தோலுக்குள் அப்படியே நிற்கிறது. தன் தலைக்குமேல் ஒன்றும் இல்லை என்பது மயிர்க்காலுக்குத் தெரியாது. அதன் முறை வரும்வரை உறங்கும். லபிறடோர் மாதிரிக் கட்டை மயிர் நாய்க்கு வழித்த இடம் மூடச் சுமார் மூன்று, நான்கு மாதம் ஆகும். பொமரேனியன், ஹஸ்கி, சவ் சவ் போன்ற அடர்த்தியான சடைநாய்களில் உறக்கம் மிக நீளம். ஆறு மாதம், ஒரு வருடம், சிலவேளை அதற்கும் மேல். சடை போனதும் அந்த இடத்துத் தோல் குளிர்ந்து இரத்தவோட்டம் குறைவதும் காரணமாகலாம் என்று ஒரு கருத்து உண்டு. எங்கள் வெக்கையில் அது எவ்வளவு எடுபடும் என்று எனக்குச் சந்தேகம்தான். நீண்ட உறக்கம் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஆனால் தோல் குளிர்வதால் மயிரின் நிறம் மாறுவது உறுதியான விஷயம். சியாமியப் பூனையின் நிறம் தரும் நொதியம் குளிர்ந்த தோலில்தான் வேலை செய்யும். வயிற்றை வழித்தால் அங்கே கறுப்பாக முளைக்கும்.

ஒன்றில் மட்டும் பொறுமை காட்டக்கூடாது. உறங்கும் மயிர்க்காலை எழுப்புவது தைரொயிட் ஓமோன். அது குறைந்த நாய்க்கு வழித்த இடம் வளராமலே கிடக்கும். வழித்த இடத்தோடு வாலும் கழுத்தும் ஐதாகிறது, நாய் சோம்பிப் படுக்கிறது, தீனி கூடாமலே கொழுக்கிறது என்றால் இரத்தம் சோதிக்கவேண்டும். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து வயிறு தொங்கினாலும் அப்படியே. அன்ரி கூட்டிக்கொண்டுபோய்ச் சோதித்தா. பப்பிக்கு எல்லாம் சரியாக இருந்தது.

தையல் விழுந்த கோட்டிலோ மயிரை எதிர்பார்க்கவேண்டாம். மயிர்க்கால்கள் தாயின் வயிற்றிலும் குட்டிப்பருவத்திலுமே உருவாகிவிடுகின்றன. வெட்டு ஆறும்போது அங்கே வருவது தழும்பு இழையம். அதில் மயிர்க்கால் கிடையாது.

மொட்டை இடத்தைச் சொறி என்று எண்ணிக் கழிவு எஞ்சின் ஒயில் பூசுவதை இன்றும் பார்க்கிறேன். மன்றாடிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். தோல் அதை உறிஞ்சும், நாய் அதை நக்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். நாயின் மொட்டையில் மயிரை வளர்க்க நம்பிப் பூசக்கூடிய மருந்து ஒன்றும் இல்லை. மத்தியான வெயிலில் அந்த இடத்தைக் காயவிடாதீர்கள், காயம் ஆறும்வரை இலையான் மொய்க்க விடாதீர்கள். மயிர் என்பது ஏறக்குறைய முழுதும் புரதம். வெறும் சோறும் குழம்பும் வைத்தால் அது எங்கிருந்து வரும்? ஒரு அவித்த முட்டை, முள்ளெடுத்த சூடைமீன் போதும்.

ஐந்து ஊசியோடு செம்பியின் கட்டி இருந்த இடம் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் மீசை திரும்ப வந்தது, முன்னையதைவிடக் கொஞ்சம் வெள்ளையாக. போன வெள்ளிக்கிழமை அன்ரி வேலியடியில் நின்று கூப்பிட்டா. “ரீச்சர், ஓடிவாங்கோ, இஞ்ச பாருங்கோ.” பப்பியை மடியில் சரித்துவைத்திருந்தா. விலாத்தோலில் மிளகுத்தூள் தூவினமாதிரி கறுப்பு நுனிகள். தையல் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கமும். வெள்ளை நாய்க்குக் கறுப்பு மயிரோ என்று அன்ரி கேட்க, நான் சியாமியப் பூனையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.